செல்லிக்குச் சொன்னவள்

எங்கள் பெரியம்மா காவேரி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சீரைப் பார்த்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாம். இரண்டு பித்தளைப் பாத்திரம், ஒரு கோரைப்பாய், ஒரு தகரப்பெட்டி. பெட்டியில் நகை இருக்கும் என்று நினைத்துப் பெண்டுகள் மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்கக் காகிதம். மில் துணிக் கட்டுகளின் மேல் ஒட்டி வருமே, அந்தப் படச்சீட்டுகள். மயில், யானை, கிளி ஏந்திய ராணி, தாமரையில் நிற்கும் லட்சுமி, புகை விடும் ரயில், தொப்பி வைத்த துரை. "சீரு வரிசையில கலர் காய்தம் வந்த மொத கல்யாணம் இதுதான்டி" என்று யாரோ சொல்லிவைக்க, காய்தக்காரி என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைக்கத் தாமதமே கிடையாது.

அவளுடைய அண்ணன் தர்மன் கடத்தூரில் இருந்தார். சந்தைக்குச் சந்தை துணி மூட்டை சுமந்து விற்பவர். கட்டுப் பிரிக்கும்போது படத்தைக் கிழியாமல் உரித்துத் தங்கைக்குக் கொண்டுவருவார். தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்கு வேறென்ன வாங்கிக் கொடுக்க அவரால் முடியும்? அவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்து முகம் முழுக்கத் தழும்பு. படித்தது நாலாம் வகுப்பு. முகத்தில் தழும்பு இருந்தால் வரன் இரண்டாந்தாரமாகத்தான் வரும் என்பது அந்தக் காலத்து நியாயம். அப்படி வந்த வரன்தான் எங்கள் பெரியப்பா முனிராஜ். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் நடந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததில் பாதி பெரியம்மா சொன்னது, மீதி எங்கள் அம்மா சொன்னது.

பெரியப்பாவின் முதல் மனைவி ராஜாமணி முந்தின வருஷம் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். எங்கள் பக்கம் மழை விட்டதும் குளிர்காய்ச்சல் வரும், வீட்டுக்கு ஒருவரையாவது படுக்கவைத்துவிட்டுத்தான் போகும். காய்ச்சல் வீட்டில் குழந்தை வேண்டாம் என்று மகள் செல்லியைத் தொப்பூரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அப்போது நாலு வயது. திரும்பி வந்தபோது அம்மா இல்லை. எங்கள் நிலத்து மேட்டில் புங்க மரத்தடியில் புதைத்தாகிவிட்டது. அந்த மரத்தைத் தாண்டித்தான் குழந்தை தினமும் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போகும், வரும். அதற்கு ஒன்றும் தெரியாது.

"உங்கம்மா அவ அப்பன் வூட்டுக்குப் போயிருக்கா. வந்துருவா" என்று சொல்லிவிட்டாள் மாதம்மாள் அத்தை. மாதம்மாள் பெரியப்பாவின் அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில். அவள் சொன்னதையே எல்லாரும் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பொய் சொன்னால் தோலை உரிப்பார்கள், குழந்தைகளிடம் சொன்னால் மட்டும் அது பொய் இல்லை. செல்லி சரி என்று கேட்டுக்கொண்டாள். செல்லி எனக்கு அக்கா முறை. ஆனால் இந்தக் கதையில் அவள் ஐந்து வயதுக் குழந்தை, அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தோடு விட்டிருந்தால்கூட நாளடைவில் குழந்தை மறந்திருக்கும் என்று அத்தை கடைசிவரை சாதித்தாள். ஆனால் கல்யாணம் வந்தது. எங்கள் வழக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவள் வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்போம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளை அழைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை. அதுவும் புருஷன் வேறொருத்தியைக் கட்டப்போகும்போது அழைக்காமல் விட முடியுமா? அவள் கோபம் யாருக்கு ஆகும்?

கல்யாணத்துக்கு முன்பாகப் பம்பைக்காரரோடு எல்லாரும் மாடு கட்டி நீர் இறைக்கிற எங்கள் கவலைக் கிணற்றுக்குப் போனார்கள். புதுக் குடத்துக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி, கிணற்றில் நீர் மொண்டார்கள். பம்பை அதிர, "ராஜாமணி, வாம்மா! வூட்டுக்கு வாம்மா! உம் புருசன் கூப்புடறான், உம் புள்ள கூப்புடுது, வாம்மா!" என்று கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். மாதம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. "வந்துட்டேன்! எம் புள்ளய உட்டுட்டு எங்க போவேன், வந்துட்டேன்!" என்று ஆடினாள். குடம் வீட்டுக்கு வந்தது. நடுவீட்டில் வைத்து அரக்குப் புடவை சாத்தி, கற்பூரம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

கூட்டத்தில் செல்லி இருந்தாள். ஒரு வருஷமாகக் காத்திருக்கிற குழந்தை. எல்லாரும் சேர்ந்து அம்மாவைக் கூப்பிடுகிறார்கள், அம்மா வந்துட்டேன் என்கிறாள், வந்துட்டா வந்துட்டா என்று பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தை வேறென்னதான் நினைக்கும்? வீடு முழுக்கத் தேடியதாம். குதிருக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில், எல்லா இடத்திலும். ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை, பந்திக்கு இலை போடுகிற அவசரம். மறுநாள் குடத்து நீரை வழக்கப்படி கொண்டுபோய்த் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றினார்கள். அதையும் அவள் பார்த்தாள். படைத்த அரக்குப் புடவையை வந்தவளுக்குக் கட்டக் கொடுத்தார்கள். அதையும் பார்த்தாள்.

இதெல்லாம் எதுவும் தெரியாமல் காவேரி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்தாள்.

அந்த வீட்டில் அவளோடு பேச ஆள் இல்லை. பெரியப்பா, "சோறு போடு", "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா", இந்த இரண்டு பேச்சுதான் பேசுவார். அத்தை பேசுவாள், ஆனால் அவளைப் பார்த்துப் பேசமாட்டாள், சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள். "ராஜாமணி இருந்தப்போ இந்நேரம் களி கிண்டி எறக்கியிருக்கும்" என்று சுவரிடம் சொல்வாள். சுவருக்குத் தெரியும், யாருக்குச் சொல்கிறாள் என்று. செல்லியோ இவள் இருக்கிற அறைக்குள்ளேயே வரமாட்டாள். சோறு வைத்தால் பாதியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுவாள். நாய்க்குப் போடுகிறாள் என்று நினைத்தார்கள். உடம்பு இளைத்து எலும்பு தெரிந்தது.

"நான் அந்த வூட்ல ஒரு வெளக்குமாறு மாதிரி இருந்தேன். வேணும்னா எடுப்பாங்க, வேணாம்னா மூலையில சாத்திடுவாங்க" என்று பெரியம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாள். மதியத்தில் எல்லாரும் காட்டுக்குப் போனபின் புறக்கடையில் உட்கார்ந்து தகரப்பெட்டியைத் திறப்பாள். படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு ராணியையும் துரையையும் பேசவிடுவாள். ராணி துரையைத் திட்டுவாள். துரை யானையைத் திட்டுவார். கல்யாணமான பெண் செய்கிற வேலையா இது? ஆனால் வேறு யார் குரலைத்தான் அவள் கேட்பது?

ஒருநாள் திரும்பிப் பார்த்தால் கதவோரத்தில் செல்லி நின்றாள். காவேரி கூப்பிடவில்லை, கோழிக்குஞ்சைப் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், கூப்பிட்டால் ஓடிவிடும். பார்க்காத மாதிரி ராணியைப் பேசவைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் செல்லி இரண்டடி கிட்டே வந்தாள். அப்படியே வாரம் ஒன்று போயிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து படங்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். தாமரைக் குளத்தோரம் குடத்தோடு நிற்கிற ஒரு பெண் படம் இருந்தது. அதைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கம்மா" என்றாள். காவேரியோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அழகா இருக்காங்க" என்றாள் காவேரி.

"தண்ணிக்குள்ள இருக்கா. நீ பொடவய எடுத்துக்கிட்டே இல்ல, அதனாலதான் அவள திரும்பவும் ஊத்திட்டாங்க."

காவேரிக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம், கேட்டால் குழந்தை எழுந்து போய்விடும். ஊத்திட்டாங்க, ஊத்திட்டாங்க என்று அந்தச் சொல்லை மனதிலேயே போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் செல்லி சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனபோது சத்தமில்லாமல் பின்னாலேயே போனாள்.

கவலைக் கிணற்றில் பக்கச்சுவரில் துருத்திய கற்கள்தான் படி. பெரிய ஆள் இறங்கவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். செல்லி ஒரு கையில் களி உருண்டையோடு கீழே தண்ணீர்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். களியைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். மீன் வந்து கவ்வியதும், "சாப்டறியாம்மா?" என்று சிரித்தாள். பூவாடைக்காரியை அழைத்த குடத்து நீரைத்தான் பிள்ளை அம்மா என்று நினைத்திருக்கிறது என்பது காவேரிக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு இன்னும் குனிந்து, "நானு வரட்டா?" என்று கேட்டாள்.

காவேரி கத்தவில்லை. கத்தினால் குழந்தை விழுந்துவிடும். ஒவ்வொரு கல்லாக இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். மேலே வந்து சேர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் தோளைக் கடித்துவிட்டு ஓடியது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நடந்ததைச் சொன்னாள். "அண்ணி, புள்ளகிட்ட சொல்லிருங்க. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிருங்க. இல்லன்னா கெணத்துல எறங்கிரும்."

மாதம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "பால் குடிச்ச வாயி மாறாத புள்ளகிட்ட சாவச் சொல்றதா? பயந்து ரத்தம் கக்கிச் செத்துரும். ஒனக்கு அதான வேணும்? மாத்தாந்தாயி புத்தி போவுமா? இந்தப் பேச்சு இன்னொரு வாட்டி வந்துது, ஒங்க அண்ணன் வூட்டுக்கு மூட்டையக் கட்டிக்கோ." கிணற்றுக்கு முள்வேலி போடச் சொன்னாள். முள்வேலி குழந்தையைத் தடுக்கும் என்று ஒரு பெரிய மனுஷி நம்பினாள். ஆட்டுக்குட்டி நுழைகிற இடமெல்லாம் அந்தப் பிள்ளையும் நுழையும்.

காவேரிக்கு இரண்டு பக்கமும் இடி. சொல்லாவிட்டால் குழந்தை கிணற்றுக்குள். சொன்னால் அவள் தெருவில். அண்ணன் வீட்டிலோ ஏற்கெனவே வாய்கள் அதிகம், திரும்பிப் போனால் அண்ணன் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? இதற்கு யாரிடம் யோசனை கேட்பது? பேசுவதற்கு இருந்தது தகரப்பெட்டி ஒன்றுதான். வாயால் சொன்னால் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும், படமாக வைத்தால் பார்க்கும். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

துணிக் கட்டு சுற்றி வருகிற பழுப்புத் தாளை வெட்டி மடித்துச் சாக்கு நூலால் தைத்தாள். கேழ்வரகுக் கூழைப் பசையாக வைத்து முதல் பக்கத்தில் குடத்துப் பெண்ணை ஒட்டினாள். அடுத்ததில் குழந்தையை மடியில் வைத்திருக்கிற ஒரு தாய். அதற்கடுத்து ஆடு, மரம். அதற்கப்புறம் கை நின்றுவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். எத்தனையோ படங்கள், ஒன்றில்கூடக் கண்ணை மூடிய ஆள் இல்லை. துணி விற்கிறவன் செத்தவள் படத்தையா ஒட்டுவான்? எல்லாரும் பளபளவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள்.

தானே வரைவது என்று முடிவு செய்தாள். ஆனால் செத்தவளை அவள் பார்த்ததில்லை. எப்படிச் செத்தாள், என்ன புடவை, எங்கே கிடத்தினார்கள், ஒன்றும் தெரியாது. தப்பாக வரைந்தால் அது இன்னொரு பொய் ஆகிவிடும். அதனால் கவலை ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது கேட்டேவிட்டாள்.

"ஏங்க, அவங்க எப்படிச் செத்தாங்க?"

பெரியப்பா மாட்டை நிறுத்திவிட்டார். "ஒனக்கெதுக்கு அது?"

"செல்லிக்குச் சொல்லணும்."

"அக்கா சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சா இல்லியா?" என்று உறுமினார். கஞ்சியை வாங்கவில்லை, மாட்டை அதட்டித் திரும்ப ஓட்டினார். சால் இரண்டு மூன்று தரம் மேலே வந்து தண்ணீர் கொட்டியது. காவேரி நகரவில்லை. பிறகு அவராகவே, மாட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். கேட்க ஆளில்லாமல் ஒரு வருஷம் அவருக்குள்ளேயே கிடந்த பேச்சு அது.

"பச்சப் பொடவ. கட்டில்ல போடல, தரையிலதான் பாயி. காய்ச்சல்ல நெனப்பு தப்பிப்போச்சி. நடுவுல ஒரு வாட்டி கண்ணத் தொறந்து, செல்லி சாப்டுச்சான்னு கேட்டா. சாப்டுச்சின்னேன். தொப்பூர்ல இருக்கற புள்ள சாப்டுச்சோ இல்லியோ எனக்கென்ன தெரியும்? என்னத்தச் சொல்றது. சாப்டுச்சின்னுட்டேன். அப்பறம் பேசல." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அந்த மனுஷர் விசும்பினார். காவேரி கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கிட்டே போய்த் தொட அவளுக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுப்புக்கரியால் வரைந்தாள். பாய், தலையணை, படுத்திருக்கிற பெண். வரைந்து பார்த்தால் தூங்குகிற மாதிரி இருந்தது. அழித்து இன்னொன்று வரைந்தாள், அதுவும் தூங்கியது. இதைக் காட்டினால் எப்போது எழுந்திருப்பாள் என்றுதான் பிள்ளை கேட்கும். தூக்கத்துக்கும் சாவுக்கும் படத்தில் என்ன வித்தியாசம் காட்டுவது? இரண்டு நாள் வரைந்து வரைந்து அழித்தாள். பிறகு தன் தாயைக் கிடத்தியிருந்ததை நினைத்துப் பார்த்தாள். பாதம் இரண்டையும் சேர்த்துக் கட்டைவிரல்களைத் துணியால் கட்டியிருந்தார்கள். எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். உயிரோடு இருப்பவர் காலை யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். பாயில் படுத்திருக்கிற படத்தைக் காய்ச்சலுக்கென்று ஒரு பக்கமாக விட்டுவிட்டு, அதற்கடுத்து அந்த இரண்டு விரலையும் கட்டுத் துணியையும் பெரிதாக வரைந்தாள். அடுத்த பக்கத்தில் புங்க மரமும் குழியும். அதற்கடுத்து மேடாகக் குவித்த மண். கடைசியில் பூச்சுற்றிய குடம்.

மறுநாள் மதியம் அத்தை களத்துக்குப் போனதும் செல்லியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கம் பார்த்ததும் செல்லி "எங்கம்மா" என்று விரல் வைத்தாள். அம்மா பிள்ளையை வைத்திருக்கிற பக்கத்தில் "இது நானு" என்றாள். காய்ச்சல் பக்கத்தில் காவேரி, "அம்மாவுக்குக் காய்ச்ச வந்துச்சி. ரொம்ப வந்துச்சி. அப்ப, செல்லி சாப்டுச்சான்னு ஒங்கப்பாவ கேட்டாங்க" என்றாள். குழந்தை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவேரி அடுத்ததைப் புரட்டினாள்.

"ஏன் கால கட்டிட்டாங்க?"

"செத்துப்போனா கட்டுவாங்க சாமி."

"அப்ப எப்படி நடப்பா?"

"நடக்கமாட்டாங்க. இனிமே எங்கயும் நடக்கமாட்டாங்க."

மரத்தைக் காட்டியதும் செல்லிக்கு அடையாளம் தெரிந்தது. "நம்ம மரம்!" என்றாள். அதனடியில் அம்மாவைப் புதைத்திருக்கிறது என்று காவேரி சொன்னாள்.

"மண்ணு கனக்காதா?"

"அவங்களுக்குத் தெரியாது."

"பசிக்காதா?"

"பசிக்காது."

"நான் கூப்பிட்டா கேக்குமா?"

கேட்கும் என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்ததாம். அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் என்ன, யாருக்கு நஷ்டம்? ஆனால் அதே பொய்தான் பிள்ளையைத் தண்ணீர்ப் படிவரைக்கும் இறக்கியிருந்தது. "கேக்காது சாமி" என்றாள்.

"அப்ப கொடத்துல வந்தது யாரு?"

இந்தக் கேள்விதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். பூவாடைக்காரியை இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு இல்லை, பயமும்கூட. அவளும் அந்தக் குடத்துக்குச் சாத்திய புடவையைக் கட்டிக்கொண்டுதானே அந்த வீட்டில் கால் வைத்தாள்? "அது சாமி. அம்மா இப்ப சாமியா ஆயிட்டாங்க. கூப்பிட்டா சாமியா வருவாங்க, கும்பிடலாம். ஆனா சாமி தல வாராது, சோறு ஊட்டாது, தூக்கி வெச்சிக்காது. அதெல்லாம் பண்ற அம்மா செத்துட்டாங்க. கெணத்துல இல்ல. பொடவய நான் எடுக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாங்க. ஒன்னால இல்ல, என்னால இல்ல, காய்ச்சலாலதான்."

செல்லி புத்தகத்தை மூடினாள். திரும்பப் பிரித்துக் கட்டைவிரல்களைப் பார்த்தாள். பிறகு அழுதாள். ஒரு வருஷம் சேர்த்துவைத்த அழுகை. தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது. களத்திலிருந்து அத்தை முறத்தோடு ஓடிவந்தாள்.

"எம் புள்ளய என்னடி பண்ண?"

"அத்த, எங்கம்மா செத்துட்டா" என்றாள் செல்லி.

மாதம்மாள் முறத்தாலேயே காவேரியை அடித்தாள். புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். போதாதென்று தகரப்பெட்டியையும் கவிழ்த்து ராணி, மயில், ரயில் எல்லாவற்றையும் நெருப்பில் கொட்டினாள். காவேரி தடுக்கவில்லை. செல்லிக்கு அன்றைக்கே உடம்பு கொதித்தது. "பாத்தியா, சொன்னனே" என்று அத்தை ஊரைக் கூட்டினாள். சாயங்காலம் பெரியப்பா வந்ததும், இவளை இன்றைக்கே வண்டி ஏற்றி அனுப்பு என்றாள். காவேரி வாசல் தூணோரம் நின்றாள். கட்டிக்கொண்டு போக அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பெரியப்பா அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை. பெண்டாட்டிக்கு ஆதரவாகவும் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தத் தைரியமெல்லாம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஏது? குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு புங்க மரத்துக்கு நடந்தார். இருட்டும்வரை அப்பனும் மகளும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து, "கெழவி மாதிரி கேள்வி கேக்குது" என்றார். வண்டி கட்டச் சொல்லவில்லை. காவேரி இருந்துவிட்டாள்.

செல்லி அதற்குப்பின் கிணற்றுப் பக்கம் போகவில்லை. சோற்றை முழுக்கத் தின்றாள். ஆனால் காவேரிக்கு ஒரு நினைப்பு இருந்தது, இனி பிள்ளை தன்னோடு ஒட்டிக்கொள்ளும் என்று. அது நடக்கவில்லை. செல்லி போய் உட்கார்ந்தது புங்க மரத்தடியில். இவ்வளவு நாள் இல்லாத தாய் இருக்கிற இடத்தை இவளே அல்லவா அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள்? மதியத்தில் காவேரி புறக்கடையில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேசவைக்க ராணியும் இல்லை, துரையும் இல்லை. "அப்ப இருந்த தனிமை மாதிரி எனக்கு எப்பவும் இருந்ததில்லடி" என்று என்னிடம் சொல்லும்போதுகூடக் கண் கலங்கினாள்.

அறுவடை முடிகிற சமயம். செல்லி சீப்போடு வந்து அவள் முன்னால் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். "சாமி தல வாராதில்ல. நீ வாரு, சின்னம்மா" என்றாள். சிக்குப் பிடித்த தலை. சிக்கெடுத்து முடிக்க மதியம் முழுக்க ஆயிற்று. கடைசிவரை அவள் சின்னம்மாதான், அம்மா ஆகவில்லை. அதில் காவேரிக்கு மனக்குறையும் இல்லை.

விஷயம் ஊரில் பரவியது. உலகச் சண்டைக் காலத்தில் காலரா வந்து வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது, கீழ்த்தெரு குப்புராஜ் புறக்கடை வழியாக வந்து நின்றார். மனைவி போய்விட்டாள், மூன்று வயதுப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். "அந்தப் பொஸ்தகம் மாதிரி ஒண்ணு..." என்று இழுத்தார். காவேரி முதலில் அவரை உட்காரவைத்துக் கேட்டாள்: எப்படிப் போனாங்க, என்ன சொன்னாங்க, என்ன கட்டியிருந்தாங்க. குப்புராஜ் சொன்னார், சொல்லி அழுதார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டாள். "ஒவ்வொரு சாவும் வேற வேற இல்லியா" என்பாள். அப்போது துணிக்கே ரேஷன், படச்சீட்டு எங்கே வரும்? முழுப் புத்தகத்தையும் கரியிலும் காவியிலும் அவளே வரைந்தாள்.

புறக்கடை வழியாக வந்தவர்கள் வாசல் வழியாக அவளை அழைக்கவில்லை. சாவு சொல்கிறவள் என்று பெயராகிவிட்டது, காய்தக்காரி எவ்வளவோ தேவலை. சுமங்கலிதான், ஆனாலும் வளைகாப்புக்குக் கூப்பிடமாட்டார்கள். கல்யாண வீட்டில் நலங்கு வைக்க அவள் முறை வந்தால் தட்டு அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். குப்புராஜ் மறுகல்யாணம் செய்துகொண்டபோதுகூட பாக்கு வைத்து அழைத்தது பெரியப்பாவை மட்டும்தான். நன்றி கெட்ட ஜனம் என்று எனக்குக் கோபம் வரும். அவளுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அதற்கும் இதையே காரணமாகச் சொன்னார்கள்.

செல்லிக்கு நாற்பத்தேழில் கல்யாணம், தொப்பூர்ப் பக்கம் மாப்பிள்ளை. முறைப்படி பூவாடைக்காரியை அழைத்தார்கள், செல்லி நின்று கும்பிட்டாள். முகூர்த்தத்தின்போது காவேரி சமையல் கொட்டகையோடு இருந்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவுமில்லை. பெண்ணை அனுப்புகிற நேரத்தில்தான் வண்டியருகே வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பெண்டுகள் வழக்கம்போல ஆரம்பித்தார்கள். "மனசத் தேத்திக்கோ காவேரி. தொப்பூரு எங்க இருக்குது, கூப்புடு தூரம். வாரா வாரம் வந்துருவா. இங்கியே இருக்கற மாதிரிதான்." தொப்பூருக்கு விடியலில் மாடு பூட்டினால் பொழுது சாய்கிறபோதுதான் போய்ச் சேரலாம். காவேரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எத்தனை வீட்டில் இந்தப் பேச்சை உடைத்தவள், தனக்கென்று வந்ததும் அதை அப்படியே நம்பிக்கொண்டு நின்றாள். "ஆமா, வாரா வாரம் வந்துருவா" என்று தானும் சொன்னாள்.

வண்டியில் ஒரு காலை வைத்த செல்லி இறங்கிவிட்டாள். வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சின்னம்மா. வாரா வாரமெல்லாம் வரமாட்டேன். பொங்கலுக்கு வருவேன். புள்ள பெக்க வருவேன். வந்தாலும் விருந்தாடியாத்தான் வருவேன், ரெண்டு நாள்ல போயிருவேன். நானு இந்த வூட்ல இருந்தது முடிஞ்சிபோச்சி. இனிமே மத்தியானத்துல நீ தனியாத்தான் இருப்ப." பிடித்த கையை அவள் விடவில்லை. "அழுதுடு சின்னம்மா."

காவேரி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல நேரத்தில் இப்படிப் பேசலாமா என்று அத்தை செல்லியைக் கடிந்துகொண்டாள். வண்டி கிளம்பி, ஏரிக்கரை திரும்பி மறைகிறவரை காவேரி அழுதாள் என்று எங்கள் அம்மா சொல்வாள். அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாளாம்.